ஊதா மேலங்கி ஒன்று, பழையது

சின்னாளப்பட்டியில் எங்கள் அம்மாச்சி இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்த சாயங்காலம், பெரிய மாமா அவருடைய தகரப் பெட்டியைத் திறந்து உள்ளே இருந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்ல, நான் நாட்காட்டித் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு வந்தேன். சுங்குடிச் சேலை ஆறு, அதில் இரண்டு கிழிசல். பட்டு ஒன்று, ஜரிகை கறுத்தது. கம்பளிப் போர்வை ஒன்று, பழையது. வெற்றிலைப் பெட்டி ஒன்று, மூடி நசுங்கியது. கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த படத்திலோ அம்மாச்சி பட்டும் அட்டிகையுமாக, ஸ்டுடியோக்காரர் போட்ட நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அந்தப் படத்தை மட்டும் பார்த்தவர் அவர் தினமும் பட்டு உடுத்தினார் என்று நினைத்துக்கொள்ளலாம். பெட்டியைப் பார்த்தவர் அப்படி நினைக்க மாட்டார்.

அந்தத் தாளை நான் மறந்தே போயிருந்தேன். மசாசூசெட்ஸுக்குக் குடிவந்து பல வருடங்கள் கழித்து, ஒரு நவம்பர் மாதம் மகளின் பள்ளியிலிருந்து வந்த துண்டுக் காகிதம்தான் அதை நினைவுக்குக் கொண்டுவந்தது. தேங்க்ஸ்கிவிங் என்ற நன்றி நவிலும் பண்டிகையை ஒட்டிய நிகழ்ச்சிக்குப் பிள்ளைகள் 1620இல் கப்பலில் வந்திறங்கிய குடியேறிகளைப் போல உடுத்தி வரவேண்டும் என்றும், கறுப்பு கவுன், அகலமான வெள்ளைக் கழுத்துப்பட்டை, கறுப்பு அட்டையில் செய்த உயரத் தொப்பி, அதன் முன்னால் மஞ்சள் காகிதத்தில் வெட்டி ஒட்டிய பக்கிள் ஆகியவை தேவை என்றும் அதில் இருந்தது. தாத்தாவின் சாயப்பட்டறையில் விளையாடி வளர்ந்த எனக்கு, வெட்டவெளியில் குடிசை போட்டுப் பிழைத்த ஓர் ஊர் முழுக்கக் கறுப்பு உடுத்தியது என்பது அவ்வளவு சுலபமாக நம்பக் கூடியதாக இல்லை. நல்ல கறுப்பு எவ்வளவு செலவு பிடிக்கும் சாயம் என்பது பட்டறை வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும். அவர்கள் குடியேறிய பிளிமத் எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணம்தான் என்பதால் அந்தச் சனிக்கிழமையே கிளம்பிப் போனோம். அன்று தொடங்கி, அந்தக் குடியேற்றத்தில் இறந்தவர்களின் சொத்துப் பட்டியல்களைத் தேடிப் படிப்பது எனக்கு ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது.

வந்தவர்கள் யார் என்ற கதை பலருக்கும் தெரிந்ததுதான். இங்கிலாந்தின் அரசுத் திருச்சபையோடு ஒத்துப்போகாமல் ஹாலந்துக்குப் போய், லெய்டன் நகரத்தில் பத்துப் பன்னிரண்டு வருடம் வாழ்ந்த ஒரு சிறு கூட்டமும், பிழைப்புத் தேடி அவர்களோடு சேர்ந்துகொண்ட வேறு சிலருமாக 102 பேர் மேஃப்ளவர் கப்பலில் 66 நாள் பயணம் செய்து, 1620 நவம்பரில் கேப் காட் முனையை அடைந்தார்கள். கதை சொல்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் ஒரு செய்தி என்னவென்றால், லெய்டன் அப்போது ஐரோப்பாவின் பெரிய ஜவுளி நகரங்களுள் ஒன்று; அங்கே போன இவர்களில் பலர் நெசவிலும் நெசவைச் சார்ந்த வேலைகளிலும்தான் வயிறு கழுவினார்கள். பின்னாளில் முப்பது வருடத்துக்கு மேல் பிளிமத்தின் ஆளுநராக இருந்த வில்லியம் பிராட்ஃபோர்ட், லெய்டனில் ஃபஸ்டியன் என்ற கனத்த துணியை நெய்து பிழைத்தவர். ஆகவே இவர்கள் துணியைத் தொட்டுப் பார்த்தே தரம் சொல்லக் கூடியவர்கள். அதை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் பிறகு வரும் பல விஷயங்கள் புரிகின்றன.

கேப் காட்டில் நங்கூரம் போட்டபின் வந்த முதல் திங்கட்கிழமை பெண்கள் கரையிறங்கிச் செய்த வேலை என்ன தெரியுமா? துணி துவைத்தார்கள். பெண்கள் துவைக்கப் போனார்கள், அதற்கான தேவை அவர்களுக்கு மிகவும் இருந்தது என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். இரண்டு மாதத்துக்கு மேல் கப்பலின் அடித்தளத்தில், கடல் நீர் ஒழுகும் பலகைகளுக்குக் கீழே அடைந்து கிடந்தவர்கள், நவம்பர் மாதக் குளிரில் முதலில் தேடியது துவைக்கத் தண்ணீரை என்பதைப் படித்தபோது, இந்த மனிதர்கள் எனக்குப் பாடப்புத்தகத்திலிருந்து எழுந்து வெளியே வந்துவிட்டார்கள். தொலைபேசியில் அம்மாவிடம் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "குளிச்சாங்களாடி?" என்பதுதான். குளித்தார்கள் என்று சொல்வதற்கில்லை. உடம்பை முழுக்க நனைத்துக் குளிப்பது அக்கால ஆங்கிலேயரின் அன்றாட வழக்கம் அல்ல. சுத்தம் என்பது அவர்களுக்கு உடம்பில் ஒட்டிக் கிடக்கும் உள்ளாடையில் இருந்தது. ஆளிச்செடி நாரில் நெய்த லினன் துணியால் ஆன நீளமான சட்டை ஒன்றை ஆணும் பெண்ணும் தோலோடு தோலாக அணிந்தார்கள். அது வேர்வையையும் அழுக்கையும் இழுத்துக்கொள்ளும் என்றும், அதை மாற்றினால் உடம்பு சுத்தமாகிவிடும் என்றும் நம்பினார்கள். பகலில் உள்ளாடையாக இருந்த அதே சட்டைதான் இரவில் படுக்கைக்கும். அதற்கு மேலே வந்த கம்பளி உடைகளைத் துவைப்பதே இல்லை; தூசி தட்டி, பிரஷ் போட்டு, வெயிலில் காயவைப்பதோடு சரி.

லினனைத் துவைக்கும் முறை நமக்கு அந்நியமானது அல்ல. அடுப்புச் சாம்பலில் தண்ணீர் ஊற்றி வடித்த காரநீரைச் சூடாக்கி, தொட்டியில் அடுக்கிய துணிகளின் மேல் திரும்பத் திரும்ப ஊற்றி ஊறவைத்து, பிறகு அடித்து அலசி, புல்லில் விரித்து வெளுக்க வைத்தார்கள். நம் ஊரில் உவர்மண்ணில் தோய்த்து வெள்ளாவி வைத்தவர்கள் செய்த அதே காரியம்தான், சாம்பலின் காரமும் வெயிலும் சேர்ந்து நடத்துகிற அதே வெளுப்புதான். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. நம்மிடம் அந்த வேலையை ஒரு சாதியின் தலையில் கட்டிவிட்டு அவர்களைத் தெருவுக்கு வெளியே நிறுத்தினோம். பிளிமத்தில் அதை வீட்டுப் பெண்களும் வேலைக்காரிகளும் செய்தார்கள். முதுகை ஒடிக்கும் வேலை என்பதால், உள்சட்டைகள் எத்தனை இருந்தன என்பதே ஒரு குடும்பத்தின் வசதியைச் சொல்லிவிடும். சட்டை அதிகம் இருந்தால் துவைக்கும் நாளைத் தள்ளிப்போடலாம்.

சொத்துப் பட்டியல்களுக்கு வருகிறேன். பிளிமத்தில் ஒருவர் இறந்தால், அண்டை வீட்டார் இரண்டு மூன்று பேர் போய், அவர் விட்டுச் சென்ற பொருள்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் விலை மதித்து, நீதிமன்றத்தில் கொடுப்பார்கள். எந்த அறையில் எது இருந்தது, எது புதியது, எது நைந்தது என்பதெல்லாம் அதில் வரும். 1644இல் இறந்த வில்லியம் புரூஸ்டர் அந்தச் சபையின் மூத்தவர்; பக்தியில் அவரை மிஞ்சியவர் அங்கே யாரும் இல்லை. அவர் பட்டியலில் ஏறத்தாழ நானூறு புத்தகங்களோடு, நீலத் துணியில் ஒரு உடுப்பும், ஊதா நிறத்தில் ஒரு கோட்டும், பச்சை நிறத்தில் ஒரு உள்சராயும் இருக்கின்றன. 1657இல் இறந்த பிராட்ஃபோர்டிடம் ஈய நிறத்தில் வெள்ளிப் பொத்தான் வைத்த உடுப்பு, சிவப்பு வெயிஸ்ட்கோட், பழைய பச்சை கவுன், பழைய ஊதா மேலங்கி, கறுப்பு ஒன்றும் வண்ணம் ஒன்றுமாக இரண்டு தொப்பிகள் என்று போகிறது வரிசை. மேரி ரிங் என்ற விதவையின் பட்டியலிலும் சிவப்பும் ஊதாவும் வருகின்றன. விதவை என்று சொன்னதற்குக் காரணம் உண்டு: கணவன் இருக்கும்வரை ஒரு பெண்ணின் உடைமைகள் சட்டப்படி அவனுடையவை என்பதால், சுமங்கலியாக இறந்த பெண்களின் பெட்டிகளைத் திறந்து யாரும் எழுதவில்லை. பட்டியல் உண்மை பேசும். ஆனால் யாருடைய பெட்டி என்று கேட்டுவிட்டுத்தான் பேசும்.

இந்தப் பட்டியல்களில் என் கண்ணில் திரும்பத் திரும்பப் பட்ட சொல் 'பழைய' என்பது. பழைய மேலங்கி, பழைய காலுறை, பழைய கோட்டு. ஆளுநரின் பெட்டியில் கூட அது இருக்கிறது. துணி என்பது அந்த ஊரில் சம்பாத்தியம். நைந்தால் திருப்பித் தைத்தார்கள், பெரியவர் உடுப்பை வெட்டிப் பிள்ளைக்குத் தைத்தார்கள், உயிலில் பெயர் சொல்லி ஒவ்வொன்றாக எழுதி வைத்தார்கள். ஒப்பந்தக் காலம் முடிந்து வெளியேறும் வேலையாளுக்கு எஜமானர் இரண்டு செட் உடை கொடுத்தனுப்ப வேண்டும், ஒன்று வேலை நாளுக்கு, மற்றொன்று ஞாயிற்றுக்கிழமைக்கு என்பது அக்கால ஒப்பந்தங்களில் வழக்கமாக வரும் ஷரத்து.

அப்படியானால் கறுப்பு எங்கிருந்து வந்தது? பிளிமத்தின் பில்கிரிம் ஹால் அருங்காட்சியகத்தில் எட்வர்ட் வின்ஸ்லோவின் ஓவியம் ஒன்று மாட்டியிருக்கிறது. மேஃப்ளவரில் வந்தவர்களில் நேரில் உட்கார வைத்து வரையப்பட்டதாக நமக்குக் கிடைத்திருக்கும் ஒரே முகம் அது. 1651இல் லண்டனில் வரைந்தது. அவர் கறுப்பில்தான் இருக்கிறார், வெள்ளைக் கழுத்துப்பட்டையோடும் வெள்ளிப் பொத்தான்களோடும். அதன் முன்னால் நின்றபோது எனக்கு எங்கள் வீட்டுக் கூடத்துப் படம்தான் நினைவுக்கு வந்தது. படத்துக்கு உட்காருகிறவர் தன்னிடம் உள்ளதிலேயே உயர்ந்ததை உடுத்துகிறார். 17ஆம் நூற்றாண்டில் உயர்ந்தது கறுப்பு. அழுத்தமான, வெளுக்காத கறுப்பு வரவேண்டுமானால் துணியை முதலில் நீலத்தில் முக்கி, பிறகு சிவப்பு ஏற்றி, அதன் மேல் மாசிக்காயும் அன்னபேதியும் சேர்த்துக் காய்ச்சிய சாயத்தில் போட வேண்டும். அன்னபேதி கொஞ்சம் கூடிவிட்டால் துணி சில வருடத்தில் இற்றுப்போகும். தாத்தா பட்டறையில் கறுப்புப் பாவு முக்கும் நாளில் யாரையும் கிட்டே விட மாட்டார். சாதாரணச் சிவப்புக்கு அந்தப் பாடு இல்லை. நம் சாயவேரின் குடும்பத்தைச் சேர்ந்த மேடர் என்ற வேர் ஐரோப்பாவில் வயல் வயலாக விளைந்தது. நீலத்துக்கு வோட் என்ற செடியும், வசதி உள்ளவர்களுக்கு அவுரியும். மஞ்சளுக்கு வெல்ட் என்ற பூண்டு. ஆகவே ஏழை எளியவர்கள் சிவப்பும் நீலமும் பழுப்பும் உடுத்தினார்கள். கறுப்பு, பணக்காரர் உடுத்தியது, அல்லது ஒருவர் வாழ்க்கையில் எப்போதாவது உடுத்தியது. பிற்காலத்தவர் ஓவியங்களை மட்டும் பார்த்து ஒரு ஊருக்கே கறுப்புச் சாயம் முக்கிவிட்டார்கள். தொப்பிப் பக்கிள் 19ஆம் நூற்றாண்டு ஓவியர்களின் கைங்கரியம். குடியேறிகளின் காலணிகள் கூட நாடாவால் முடிச்சுப் போட்டவைதான்.

நாடா என்றதும் உடுத்தும் முறையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஓர் ஆண் காலையில் எழுந்ததும், உள்சட்டையின் மேல் இறுக்கமான மேற்சட்டையைப் போட்டு, முழங்காலுக்குக் கீழே முடியும் சராயை ஏற்றி, அந்தச் சராயை மேற்சட்டையோடு கொக்கிகளாலோ நாடாக்களாலோ பிணைப்பான். நாடாவின் இரண்டு முனைகளிலும் துளைக்குள் எளிதாக நுழைவதற்கு உலோகக் குப்பி போட்டிருக்கும். காலுறையைத் தொடைப்பக்கம் இழுத்து, முழங்காலுக்குக் கீழே துணிப்பட்டையால் கட்டுவான். பெண் என்றால் உள்சட்டைக்கு மேல் மார்பை இறுக்கும் கச்சு, இடுப்பில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு மூன்று பாவாடைகள், நம் ரவிக்கையை நீளமாக்கிய மாதிரி ஒரு மேற்சட்டை, அதன் மேல் முன்பக்கத் துணி, தலைமயிரை முழுக்க மறைக்கும் லினன் குல்லாய். அடுப்பு திறந்த கணப்பு என்பதால் பாவாடை கம்பளியாக இருப்பது பெரிய பாதுகாப்பு. கம்பளி சட்டென்று பற்றாது, கருகி அணைந்துவிடும். குழந்தைகளைப் பிறந்த சில மாதம் துணிப்பட்டையால் சுற்றிக் கட்டி வைத்தார்கள். அதன் பிறகு ஆறேழு வயது வரை ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் ஒரே மாதிரி கவுன்தான். பையனுக்கு முதன்முதல் சராய் மாட்டும் நாள் வீட்டில் ஒரு விசேஷம்.

பிளிமத்துக்குப் பக்கத்தில் வேறொரு குடியேற்றத்தை அமைத்த மசாசூசெட்ஸ் வளைகுடாக் கம்பெனி 1629இல் தன் செலவில் அனுப்பிய ஆட்களுக்குத் தலைக்கு என்னென்ன கொடுப்பது என்று போட்ட பட்டியலும் நம்மிடம் இருக்கிறது. காலணி நான்கு ஜோடி, காலுறை நான்கு ஜோடி, சட்டை நான்கு, எண்ணெய்த் தோல் உள்வைத்துத் தைத்த தோலுடுப்பு, சிவப்பு நாடாவால் ஓரம் கட்டிய பச்சை வெயிஸ்ட்கோட் ஒன்று, மன்மத் என்ற ஊர்ப் பெயரால் வழங்கும் பின்னல் தொப்பி, கறுப்புத் தொப்பி ஒன்று, சிவப்புப் பின்னல் தொப்பிகள் சில. பச்சைச் சட்டையும் சிவப்புத் தொப்பியுமாக வரிசையில் நிற்கும் ஆட்களைக் கற்பனை செய்து பாருங்கள். கிளிக்கூட்டம் மாதிரி இருந்திருப்பார்கள்.

உடைக்கு அடுத்தபடி வீடு. வின்ஸ்லோ 1621 டிசம்பரில், புதிதாக வரவிருக்கும் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் கொண்டுவர வேண்டியவற்றைச் சொல்கிறார்: சன்னலுக்குக் காகிதமும் ஆளிவிதை எண்ணெயும், விளக்குக்குப் பருத்தி நூலும். கண்ணாடிக்கு வழியில்லாமல் எண்ணெய் தடவிய காகிதத்தைச் சன்னலில் ஒட்டி வெளிச்சம் வாங்கியிருக்கிறார்கள். ஓர் அறையும் ஒரு கணப்பும், பலகைச் சுவர், மேலே கூரை வேய்ந்த வீடு. தீ விபத்துகளுக்குப் பயந்து 1627இல் இனிப் புதுவீடு எதற்கும் புல்லோ வைக்கோலோ வேயக்கூடாது, பலகைதான் போட வேண்டும் என்று விதி செய்தார்கள். படுக்கை என்றால் அவர்கள் மொழியில் கட்டில் அல்ல, மெத்தை. இறகு அடைத்த மெத்தை வீட்டுப் பட்டியலில் பல சமயம் மற்ற எல்லாவற்றையும் விட விலை கூடியது.

சாப்பாடு பெரும்பாலும் இரும்புப் பானையில் கொதிக்கும் கூழ். மக்காச்சோளத்தைப் பயிரிட இவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் திஸ்குவாண்டம் என்ற பழங்குடி மனிதர். குழியில் மீனைப் போட்டு அதன் மேல் விதைக்கச் சொன்னார். அந்தச் சோளத்தை உடைத்துக் காய்ச்சிய கஞ்சிக்கு வழங்கிய பெயர் கூடப் பழங்குடியினரின் சொல்லிலிருந்து வந்ததுதான். 1624இல் முதல் மாடுகள் கப்பலில் வந்திறங்கும்வரை பசும்பாலும் வெண்ணெயும் அங்கே கிடையாது. முள்கரண்டி கிடையாது, கத்தி, கரண்டி, கை. கையால் சாப்பிட்டதால் பெரிய லினன் கைத்துண்டு ஒவ்வொருவருக்கும் வேண்டும். பட்டியல்களில் அவை டஜன் கணக்கில் வருகின்றன. இங்கிலாந்துக்காரர் கையால் சாப்பிட்ட காலம் ஒன்று இருந்தது என்பதை, நாம் கையால் சாப்பிடுவதைப் பார்த்து முகம் சுளித்த அவர்களுடைய பேரன்மார் மறந்துவிட்டார்கள்.

முதல் குளிர்காலத்தில் ஏறத்தாழ பாதிப்பேர் செத்துப்போனார்கள். 1621 இலையுதிர்காலத்தில் அறுவடைக் கொண்டாட்டம் நடந்தபோது, வளர்ந்த பெண்கள் நால்வர்தான் உயிரோடு இருந்தார்கள். ஊர்க்காரர் ஐம்பது பேர், விருந்துக்கு வந்த வாம்பனோவாக் பழங்குடி ஆண்கள் தொண்ணூறு பேர், மூன்று நாள். வந்தவர்கள் ஐந்து மான்களை வேட்டையாடிக் கொண்டுவந்தார்கள் என்பது உண்மைதான். ஆனாலும் அந்த நான்கு பெண்களும் அவர்களுக்குக் கைகொடுத்த சிறுமிகளும் எத்தனை பானை இறக்கியிருப்பார்கள் என்பதை நம் கல்யாண வீடுகளில் அடுப்படியில் நின்றவர்கள் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அந்த நால்வருள் ஒருவர் சூசன்னா. பிப்ரவரியில் அவர் கணவர் இறந்தார். மார்ச்சில் வின்ஸ்லோவின் மனைவி இறந்தார். மே 12ஆம் தேதி இவர்கள் இருவரும் மணம் செய்துகொண்டார்கள். அதுதான் அந்த ஊரின் முதல் கல்யாணம். கைக்குழந்தையோடு ஒரு பெண்ணும் தனியாள் ஒருவரும் அந்தக் குளிரில் வேறென்ன செய்ய முடியும் என்று கேட்டால் பதில் இல்லை. கல்யாணத்தை நடத்தியது பாதிரியார் அல்ல, அரசு அதிகாரி. விவிலியத்தில் திருமணம் மதகுருவின் வேலை என்று எங்கும் சொல்லவில்லை, சொத்துரிமை சம்பந்தப்பட்டதால் அது ஊர் நிர்வாகத்தின் வேலை என்பது அவர்கள் ஹாலந்தில் பார்த்துக் கைக்கொண்ட வழக்கம். சடங்குகளை இவ்வளவு சுருக்கிய அவர்கள், பெயர்களில் மட்டும் ஆசையைக் காட்டியிருக்கிறார்கள். புரூஸ்டரின் பிள்ளைகளின் பெயர்களைத் தமிழில் சொன்னால் அன்பு, பொறுமை, அச்சம், மற்போர் என்று வரும். கடைசியது கடவுளோடு மல்லுக்கட்டிய யாக்கோபை நினைத்து வைத்தது என்று கொள்ளலாம். நடுக்கடலில் பிறந்த குழந்தைக்கு ஓஷியானஸ். கப்பல் நங்கூரம் போட்டபின் சூசன்னாவுக்குப் பிறந்த பையனுக்கு ஊர்விட்டு ஊர் போகிறவன் என்று பொருள்படும் பெரகிரின்.

கிறிஸ்துமஸ் அவர்களுக்குப் பண்டிகை இல்லை. 1620 டிசம்பர் 25 அன்று பிளிமத்தில் முதல் வீட்டைக் கட்டத் தொடங்கினார்கள். மறுவருடம் அதே நாளில், புதிதாக வந்தவர்கள் சிலர் இன்று வேலை செய்ய மனசாட்சி இடம் கொடுக்கவில்லை என்று சொல்ல, பிராட்ஃபோர்டும் சரி என்று விட்டுவிட்டார். மத்தியானம் வேலையிலிருந்து திரும்பி வந்து பார்த்தால் அவர்கள் தெருவில் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். விளையாட்டுச் சாமான்களைப் பிடுங்கிக்கொண்டு, மற்றவர் வேலை செய்யும்போது நீங்கள் விளையாடுவது என் மனசாட்சிக்கு இடம் கொடுக்கவில்லை என்றாராம். இந்த மனிதரிடம் கொஞ்சம் குறும்பு இருந்திருக்கிறது. பக்கத்து மசாசூசெட்ஸ் குடியேற்றம் அவ்வளவு நகைச்சுவையோடு இல்லை. 1659 முதல் 1681 வரை அங்கே கிறிஸ்துமஸ் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம்.

அதே மசாசூசெட்ஸ்தான் உடுப்புக்கும் சட்டம் போட்டது. 1634இல் தங்க வெள்ளிச் சரிகைப் பின்னல்களுக்கும், உள்துணி தெரியும்படி சட்டையில் கீறல் வெட்டுவதற்கும் தடை. கையில் ஒன்று, முதுகில் ஒன்று என்று கீறலுக்குக் கணக்குக் கூட உண்டு. 1651இல் இன்னும் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்கள்: 200 பவுண்டு சொத்து இல்லாதவர்கள் சரிகையும் பட்டு முக்காடும் அணியக் கூடாது, அதிகாரிகள் குடும்பத்துக்கும், படித்தவர்களுக்கும், முன்பு வாழ்ந்து கெட்டவர்களுக்கும் விலக்கு. பட்டு பாவம் என்பது சட்டத்தின் கவலை இல்லை. உன் தகுதிக்கு மேல் உடுத்தாதே என்பதுதான். முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக் கூடாது, தோளில் துண்டு கூடாது, மாராப்புப் போடக் கூடாது என்று ஆட்களை அடித்து விரட்டிய ஊர்க்காரர்களான நமக்கு, இந்தச் சட்டத்தின் வாசகம் எங்கேயோ கேட்டது போலத்தான் இருக்கிறது. 1676இல் நார்த்தாம்ப்டனைச் சேர்ந்த ஹன்னா லைமன் என்ற இளம்பெண் பட்டு உடுத்திய குற்றத்துக்காக நீதிமன்றத்துக்கு அழைக்கப்பட்டபோது, விசாரணைக்கும் அந்தப் பட்டிலேயே போய் நின்றாள். அவளை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

இவ்வளவும் நடந்த நிலம் யாருடையது என்பதையும் துணியை வைத்தே சொல்லலாம். குடியேறிகள் இறங்கிய இடத்தின் பெயர் பட்டுக்செட். பண்படுத்திய வயல்களோடு இருந்த அந்த வாம்பனோவாக் ஊர், ஐரோப்பியக் கப்பல்களோடு வந்த கொள்ளைநோயில் 1616க்கும் 1619க்கும் இடையில் ஆளில்லாமல் போயிற்று. இவர்களுக்குச் சோளம் விதைக்கக் கற்றுக்கொடுத்த திஸ்குவாண்டம் அந்த ஊர்க்காரர்தான். 1621 மார்ச்சில் சாமோசெட் என்ற பழங்குடியினர் ஒருவர் தெருவில் நடந்து வந்து ஆங்கிலத்திலேயே வரவேற்புச் சொன்னபோது, இடுப்பில் ஒரு சாண் குஞ்சம் வைத்த தோல் மட்டும் உடுத்தியிருந்த அவரை 'முழு நிர்வாணம்' என்று எழுதிவிட்டு, காற்று எழும்பியதும் ஒரு குதிரைக்காரர் கோட்டை எடுத்து அவர் மேல் போர்த்தினார்கள். தைக்காததை உடையாகக் கருதாத கண் அது. பிற்பாடு நம் கடற்கரைகளிலும் இறங்கிய கண். ஜூலையில் வாம்பனோவாக் தலைவர் மாசசொயிட்டைப் பார்க்க வின்ஸ்லோ போனபோது எடுத்துச் சென்ற பரிசும் ஒரு குதிரைக்காரர் கோட்டுதான்: ஒல்லியான பின்னல் வைத்த 'சிவப்பு காட்டன்' கோட்டு. இதைப் பருத்தி என்று மொழிபெயர்த்தால் தப்பு. அக்கால ஆங்கிலத்தில் காட்டன் என்பது பல இடங்களில் மேலே பஞ்சு எழுப்பிய கம்பளித் துணிக்குப் பெயர். அதை மாட்டிக்கொண்ட மாசசொயிட்டுக்குப் பெருமை தாங்கவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். ஐம்பத்து நான்கு வருடம் கழித்து அவருடைய மகன் மெட்டாகொம் இதே குடியேறிகளோடு போர் செய்ய வேண்டி வந்தது.

பட்டியல்களைப் படிக்கும்முன் நான் நம்பிய இன்னொன்று, ஒவ்வொரு வீட்டிலும் ராட்டை சுற்றியது என்பது. முதல் வருடங்களில் ஆடு இல்லை, நூல் இல்லை. துணியெல்லாம் கப்பலில் வந்தது, பீவர் என்ற நீர்வாழ் விலங்கின் தோலை விற்று வாங்கியது. கப்பல் வரத்துக் குறைந்தபின்தான், 1656இல் மசாசூசெட்ஸ் ஒரு சட்டம் போட்டு, நூற்பவர் ஒருவருக்கு வருடத்தில் 30 வாரம், வாரத்துக்கு மூன்று பவுண்டு நூல் என்று வீடுகளுக்குக் கணக்கு வைத்தது. அதற்கு ஏழு வருடம் முன்பு பாஸ்டனில் பிறந்த எலிஹு யேல் சிறு பிள்ளையாக இங்கிலாந்துக்குப் போய், வளர்ந்து, 1687இல் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநரானார். கனெக்டிகட்டில் தடுமாறிக்கொண்டிருந்த ஒரு கல்லூரிக்கு அவர் 1718இல் அனுப்பிய ஒன்பது பொதிச் சரக்கு 562 பவுண்டுக்கு விலைபோனது. கல்லூரிக்கு அவர் பெயர் வந்தது. அந்தப் பொதிகளில் நம் பக்கத்து மஸ்லினும் காலிகோவும் இருந்தன. நூலுக்கு அலைந்த மண்ணுக்கு நம் தறிகளின் துணி போய்ச் சேர்ந்தது என்பதில் எனக்கு ஒரு சின்னத் திருப்தி. அந்தத் தறிக்காரர்களுக்கு என்ன கூலி கிடைத்தது என்று நினைக்கும்போது அது அடங்கிவிடுகிறது.

கடைசியில் மகளுக்கு நானே தைத்தேன். அம்மாச்சியின் பெட்டியிலிருந்து என் பங்குக்கு வந்த சுங்குடியில், கிழிசல் போக எஞ்சிய பகுதி ஒரு பாவாடைக்குச் சரியாக இருந்தது. புள்ளி தெரியாமல் உள்பக்கத்தை வெளியே வைத்துத் தைத்தேன், ஆனாலும் தெரிந்தது. பிளிமத்தில் அப்போது யாரும் சுங்குடி உடுத்தவில்லை என்பது எனக்குத் தெரியும். சிவப்பு உடுத்தினார்கள் என்பதும் தெரியும். நீல முன்துணி, வெள்ளைக் குல்லாய். தொப்பி இல்லையா என்று மகள் இரண்டு முறை கேட்டாள். வகுப்புப் படத்தில் இருபது கறுப்புத் தொப்பிகளுக்கு நடுவே அவள் ஒருத்தி சிவப்பாக நிற்கிறாள், கொஞ்சம் கோபமாக. படத்தை மாட்டுவதற்கு முன் அதன் பின்பக்கத்தில் எழுதி வைத்தேன்: பாவாடை ஒன்று, சிவப்பு, பழைய சேலையில் தைத்தது.